குருதி முந்தும், எலும்பு பிந்தும்

1966-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க நாட்டின் டாலஸ் நகரத்தில், 20 அகவை இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தனர். நோய் ஏதும் இல்லாதவர்கள். உடலியங்கியல் ஆய்வொன்றிற்குத் தாமாக முன்வந்தவர்கள். அசைவின்மை உடலை என்ன செய்கிறது என்று காண விரும்பிய பெங்ட் சால்டின், ஜெரி மிட்செல் முதலிய அறிஞர்கள், அவர்களுடைய உயிர்வளி ஏற்புத்திறனை முன்னும் பின்னும் அளந்தார்கள். கடும் உழைப்பின் உச்சத்தில், உடல் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் உயிர்வளியை எடுத்துப் பயன்படுத்துகிறது என்பதே அந்த அளவு. நெடுந்தொலைவு ஓடுவோர்க்கும் நீந்துவோர்க்கும் மிதிவண்டி மிதிப்போர்க்கும் கைம்முதல் அதுவே. மூன்றே வாரத்தில் அது சராசரியாக 3.3 லிட்டரிலிருந்து 2.4 லிட்டருக்கு இறங்கிவிட்டது.

மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கவைப்பது அக்கால மருத்துவத்தின் வழக்கம். இதயத்தைக் காப்பதற்கென்று விதித்த ஓய்வே இதயத்தை நலிவிக்கிறது என்பதை அந்த ஐவரின் அளவுகள் ஐயமறக் காட்டின. அவ்வழக்கம் மாறியதில் இந்த ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. படுக்கை விட்டு எழுந்தபின் அவர்களுக்கு ஏறத்தாழ எட்டு வாரம் கடும் பயிற்சி தரப்பட்டது. இழந்த திறன் மீண்டது. சராசரி முன்னிருந்த நிலையையும் தாண்டியது.

அத்தோடு முடிந்திருந்தால் அது சிறந்த ஆய்வுகளுள் ஒன்றாக மட்டும் நின்றிருக்கும். முப்பதாண்டுகள் கழித்து அதே ஐவரும் மீண்டும் அழைக்கப்பட்டனர். இப்போது அகவை 50. சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. உடற்கொழுப்பின் விகிதம் இரட்டித்திருந்தது. ஆயினும் முப்பதாண்டு வாழ்க்கை அவர்களிடமிருந்து பறித்த ஏற்புத்திறன் பத்து விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. இளமையில் மூன்று வாரப் படுக்கை பறித்ததோ அதனினும் இருமடங்குக்கு மேல்! நடை, மென்னோட்டம், நிலைமிதிவண்டி ஆகியவற்றைக் கொண்டு ஆறு மாதப் பயிற்சி தொடங்கிற்று. சிறுகச் சிறுக ஏற்றி, இறுதியில் வாரத்திற்கு நாலரை மணி நேர அளவுக்கு அது வளர்ந்தது. ஆறாம் மாத முடிவில் அவர்களின் ஏற்புத்திறன், 20 அகவையில் படுக்கைக்கு முன்பு இருந்த அளவை எட்டியது.

பல்லாண்டு பயிற்சியை விட்டவர்கள் முதலில் அறியவேண்டிய செய்தி இதுதான் என்று கருதுகிறேன். இழப்பு நாம் அஞ்சும் அளவுக்குப் பெரிதன்று; மீட்சி நாம் எண்ணுவதைவிட அண்மையில் இருக்கிறது. ஆனால் அதே ஆய்வு வேறு இரண்டு உண்மைகளையும் சொன்னது. இளமையில் கடும் பயிற்சிக்குப்பின் தொட்ட உச்சத்தை ஐவருள் ஒருவரும் மீண்டும் தொடவில்லை. மேலும், இம்முறை திறனை மீட்டுத்தந்தது பெரும்பாலும் இதயமன்று. இதயம் அனுப்பும் குருதியின் உச்ச அளவு ஏறத்தாழ அப்படியே இருந்தது. வந்த குருதியிலிருந்து உயிர்வளியை மிகுதியாகப் பிரித்தெடுக்கத் தசைகள் கற்றுக்கொண்டன. ஒரே இடத்திற்கு உடல் வேறொரு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே, உடல் முழுதும் ஒரே வேகத்தில் தளர்கிறது, ஒரே வேகத்தில் மீள்கிறது என்று எண்ணுவது தவறு. ஒவ்வோர் உறுப்பும் தனக்கென ஒரு காலக்கணக்கு வைத்திருக்கிறது. டிரையத்லான் எனப்படும் நெடுமுப்போட்டிக்குத் திரும்புகிறவரின் வெற்றியும் காயமும் இந்தக் கணக்குகளின் வேற்றுமையில்தான் இருக்கின்றன.

நெடுமுப்போட்டி என்பது நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் என்ற மூன்றையும் இடைநிற்றலின்றி அடுத்தடுத்து முடிப்பது. இன்று நாம் அறிந்த வடிவில் இது 1974 செப்டம்பரில், கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரத்து மிஷன் விரிகுடாவில், 46 பேருடன் தொடங்கியது. 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாகு தீவில் முதல் ‘அயர்ன்மேன்’ நடந்தபோது புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்பது அதன் அளவு. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்ந்த வடிவம் 1.5, 40, 10 கிலோமீட்டர். அதிற்பாதியான குறும்போட்டியில் 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் மிதித்து, 5 கிலோமீட்டர் ஓடவேண்டும். மீள்பவர் நோக்கவேண்டியது இந்தக் கடைசி அளவையே.

பயிற்சியை நிறுத்தியவுடன் முதலில் கைவிட்டுப்போவது குருதியின் நீர்மப் பகுதி. எட்வர்டு காயில் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பல்லாண்டு பயின்ற வீரர்களைப் பயிற்சியை முற்றும் நிறுத்தச் செய்து அளந்து, 1984-இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் மூன்று வாரத்திற்குள் ஏற்புத்திறன் 7 விழுக்காடு குறைந்தது. இந்தத் தொடக்கச் சரிவுக்குக் காரணம், இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் குருதியின் அளவு சுருங்கியமை. பின்னர் அவரே செய்த மற்றோர் ஆய்வில், சில வாரங்களில் வீரர்களின் குருதி அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்ததும், நீர்மத்தை நாளத்தின் வழியே ஏற்றி அளவை நிறைத்தபோது துடிப்பின் வீச்சு பெரிதும் மீண்டதும் தெரியவந்தன. அதாவது முதற்கட்டத்தில் இதயத்தசை நலிவதை விட, அதனுள் வந்து நிறையும் குருதி குறைவதே மிகுதி. ஓய்ந்திருந்தவர் படியேறும்போது நெஞ்சு படபடப்பது பெரிதும் இதனாலேயே. ஒவ்வொரு துடிப்பும் குறைவாகச் சுமக்கிறது. எனவே துடிப்புகளின் எண்ணிக்கை கூடவேண்டியிருக்கிறது.

முதலில் போவதே முதலில் திரும்பவும் செய்கிறது. பயிற்சி தொடங்கிய சில நாள்களிலேயே சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்ள, குருதியின் நீர்மம் பெருகுகிறது. சிவப்பணுக்கள் பெருகச் சில வாரமாகும். வெயிலுக்குப் பழகும் திறனும் இதனோடு சேர்ந்தே வருகிறது. வெப்பத்தில் நாள்தோறும் அளவாகப் பயின்றால், பத்து முதல் பதினான்கு நாள்களில் வியர்வை முன்னதாகச் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது, உடலின் உள்வெப்பம் மட்டுப்படுகிறது. முதல் இரண்டு வாரத்தின் துன்பம் மூன்றாம் வாரத்தில் திடீரென நீங்கியது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. அந்த இடைவெளியில் தசை பெரிதாக மாறிவிடவில்லை.

அடுத்த கணக்கு தசையினுடையது. தசையிழையின் உள்ளே உயிர்வளியைக் கொண்டு ஆற்றலை விளைக்கும் நுண்ணுறுப்புகள் இழைமணிகள். உழைப்பு இவற்றைப் பெருக்குகிறது என்பதை 1967-இல் ஜான் ஹாலோசி நிறுவினார். செயின்ட் லூயி நகரத்து வாசிங்டன் பல்கலைக்கழகத்தில், எலிகளை ஓடுபட்டையில் பன்னிரண்டு வாரம் ஓடவைத்தபோது, அவற்றின் தசைகள் உயிர்வளியை நுகரும் திறன் இருமடங்கானது. பயிற்சி நின்றால் இந்தச் செல்வம் விரைவில் கரையும். காயிலின் வீரர்களிடம் இழைமணி நொதிகளின் மிகுதிப் பகுதி ஏறத்தாழ 12 நாளுக்கு ஒருமுறை பாதியானது. ஆனால் தசையைச் சூழ்ந்த குருதி நுண்குழல்கள் 84 நாள் கடந்தும் குறையவில்லை. நீரின் வரத்து நின்றாலும் வாய்க்கால் தூர்ந்துபோகவில்லை.

வாய்க்காலைக் காட்டிலும் ஆழமான எச்சங்களும் உண்டு. தசையிழை என்பது பல உட்கருக்களைக் கொண்ட நெடிய உயிரணு. பளு சுமந்து பருக்கும்போது அருகிலுள்ள துணையணுக்களிலிருந்து புதிய உட்கருக்களைச் சேர்த்துக்கொள்கிறது. நார்வேயின் ஓசுலோவில் கிறித்தியான் குண்டர்சென் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் தசை மெலிந்தபின்னும் சேர்ந்த உட்கருக்கள் அப்படியே நிலைத்திருந்தன. மாந்தரிடம் இது எந்த அளவுக்கு உண்மை என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் வழக்காடல் நடக்கிறது. 2018-இல் ஆடம் சார்ப்பிள்சு குழுவினர் மாந்தரிடமே வேறொரு தடத்தைக் கண்டனர். பளுப்பயிற்சி, பின் ஓய்வு, பின் மறுபயிற்சி எனச் சென்றபோது, சில மரபணுக்களின் மேலிருந்து அகன்ற மெத்தைல் என்னும் வேதிக்குறிகள் ஓய்வுக்காலத்திலும் திரும்பவில்லை. மறுபயிற்சியில் அம்மரபணுக்கள் முன்னிலும் ஊக்கமாக இயங்கின. முன்பு பயின்ற உடலும் என்றுமே பயிலாத உடலும் ஒன்றல்ல என்று வீரர்கள் பட்டறிவால் சொல்லிவந்ததற்கு ஆய்வகம் இப்போதுதான் சான்று தேடிக்கொண்டிருக்கிறது.

முதல் ஓட்டத்தின் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை கடுத்துப் படியிறங்க முடியாமற்போவதைப் பற்றி ஒரு சொல். 1902-இலேயே தியடோர் ஹஃப் என்பவர், இவ்வலி தசையிழைகளில் ஏற்படும் நுண்சிதைவின் விளைவு என்று கூறினார். தசை நீண்டுகொண்டே இழுவிசையைத் தாங்கும்போது, அதாவது கீழிறங்கும்போதும் கால் ஊன்றும்போதும், இது மிகும். ஒருமுறை பட்ட தசை அடுத்த பல வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவாக நோவதில்லை. எனவே இவ்வலியைக் கண்டு அஞ்சவேண்டா. முதல் வேலையைச் சிறிதாக வைத்துக்கொண்டால் போதும்.

உண்மையான இடர் இதற்குப்பின் வருகிறது. ஆறு, எட்டு வாரம் கடந்திருக்கும். மூச்சு இளகிவிட்டது, தசை சொன்னபடி கேட்கிறது, மனத்தில் பழைய ஊக்கம். அந்த வேளையில்தான் குதிகால் நாண் வீங்குகிறது, கெண்டைக்கால் தசை கிழிகிறது, முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பில் விரல் வைத்தால் நோகிறது. தவறான செருப்பு, தவறான தரை என்று பல காரணங்கள் தேடப்படும். அவற்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் நிகழ்ந்தது வேறு: குருதியும் தசையும் வந்து சேர்ந்துவிட்டன, நாணும் எலும்பும் இன்னும் வழியில் இருக்கின்றன.

தசைநாணின் பொறுமையை டென்மார்க்கு ஆய்வாளர்கள் அணுகுண்டின் துணைகொண்டு அளந்தார்கள். 1963-இல் ஒப்பந்தத்தால் தடுக்கப்படும்வரை, வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டு வெடிப்புச் சோதனைகள் காற்றிலுள்ள கரிமம்-14-இன் அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. பிறகு அது ஆண்டுதோறும் குறைந்துவந்தது. பயிர்வழி உணவில் சேர்ந்து உடலுக்குள் வந்த அந்தக் கரிமம், ஒவ்வொரு திசுவும் எந்த ஆண்டில் உருவானது என்பதற்கு முத்திரையாகிறது. இறந்தவர்களின் குதிகால் நாண்களை அவ்வாறு சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. நாணின் நடுப்பகுதி ஏறத்தாழ 17 அகவைக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதன்பின் வாழ்நாள் முழுதும் அது புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். பருவத்தில் பாய்ந்த மரத்தின் வைரம் எப்படியோ, அப்படி. தசையில் அதே முத்திரை சில ஆண்டுகளே பின்தங்கியிருந்தது, ஏனெனில் தசை ஓயாமல் தன்னைப் புதுக்கிக்கொள்கிறது. நாண் பளுவுக்கு இணங்கி விறைப்பைக் கூட்டிக்கொள்வது உண்டு. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் சீரான சுமை வேண்டும். குருதியோட்டம் குறைந்த திசு ஆதலால், தனக்கு நேர்ந்த கேட்டை அது காலந்தாழ்த்தியே அறிவிக்கிறது.

எலும்பின் கணக்கு இன்னும் விந்தையானது. புதிய சுமையை உணர்ந்த எலும்பு உடனே வலுப்பெறுவதில்லை, முதலில் மெலிகிறது. பழைய எலும்பை அரிக்கும் அணுக்கள் ஏறத்தாழ மூன்று வாரம் வேலை செய்து சிறு குழிகளை உண்டாக்குகின்றன. அவற்றைப் புதிய எலும்பால் நிரப்பும் அணுக்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் தேவை. இடைப்பட்ட வாரங்களில், பயில்பவர் தன்னை வலியவராக உணரும் அதே நாள்களில், எலும்பு முன்னைவிட நுண்துளை மிகுந்து நிற்கிறது. 1855-இல் பிரைட்ஹவுப்டு என்னும் பிரசியப் படை மருத்துவர், நெடுநடை நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி நோவதை எழுதிவைத்தார். அடி, காயம் எதுவுமின்றித் தொடர்சுமையால் விளையும் எலும்புக் கீறல் அது என்பது பின்னரே, ஊடுகதிர்ப் படங்கள் வந்தபிறகு, விளங்கிற்று. வீட்டிலிருந்து படைக்கு வந்து திடீரென நெடுந்தொலைவு நடக்கவைக்கப்பட்ட புதுவீரரும், அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து ஓடத் தொடங்கியவரும் எலும்பின் பார்வையில் ஒருவரே.

ஓட்டத்தில் ஒவ்வோர் ஊன்றலிலும் தரை உடலை எதிர்த்துத் தள்ளும் விசை, உடலெடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு. 5 கிலோமீட்டர் ஓட ஐயாயிரம் எட்டு அளவில் தேவைப்படும். இடைக்காலத்தில் 10 கிலோ எடை கூடியவருக்கு ஒவ்வோர் எட்டிலும் 20 முதல் 30 கிலோ எடைக்கு ஈடான விசை கூடுகிறது. பழைய பயிற்சிக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் எழுதிய வேகத்தையும் தொலைவையும் மீண்டும் பின்பற்ற முயல்வதை நான் அடியோடு மறுப்பதற்கு இக்கணக்கே காரணம். அந்த எண்கள் அன்றைய எலும்புக்கும் அன்றைய எடைக்கும் எழுதப்பட்டவை. இதயமும் மாறியிருக்கிறது. இதயத்துடிப்பின் உச்ச எல்லை ஆண்டுக்கு ஏறத்தாழ 0.7 துடிப்பு வீதம் குறைந்துகொண்டே வருகிறது. 208-இலிருந்து அகவையின் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பது 2001 முதல் வழங்கும் சராசரி வாய்பாடு. முப்பதில் எளிதாகத் தோன்றிய துடிப்பெண் ஐம்பதில் உச்சத்திற்குச் சற்று நெருங்கியிருக்கும்.

இங்கேதான் நெடுமுப்போட்டியின் பெருமை புலப்படுகிறது. ஓட்டம் ஒன்றையே உடையவருக்கு, எலும்பு காத்திருக்கச் சொன்னால் இதயமும் காத்திருக்கவேண்டும். முப்போட்டி பயில்பவருக்கு அந்த இக்கட்டு இல்லை. நீரும் இருக்கையும் உடலெடையைத் தாங்கிக்கொள்ள, குருதியும் இழைமணியும் தம் வளர்ச்சியைத் தடையின்றிப் பெறுகின்றன. எலும்புக்கோ, வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடையும் மென்னோட்டமும் மாறிமாறி வரும் அரைமணி நேரமே தொடக்கத்தில் போதும். நாணுக்குக் குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கும் பளுப்பயிற்சி, ஓட்டத்தைவிட நற்றுணை.

ஆனால் மூன்றனுள் மென்மையானதாகத் தோன்றும் நீச்சலே போட்டி நாளில் மிகக் கொடியது. 1985 முதல் 2016 வரை அமெரிக்க நெடுமுப்போட்டிகளில் நேர்ந்த இறப்புகளையும் உயிர்பிழைத்த இதயநிறுத்தங்களையும் தொகுத்த ஆய்வு 135 நிகழ்வுகளைக் கண்டது. அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. சராசரி அகவை 47-க்கு அண்மை, பெரும்பாலோர் ஆண்கள். திடீரெனக் குளிர்நீரில் இறங்கும் உடலுக்கு இருவேறு கட்டளைகள் ஒருங்கே வருகின்றன. தோலின் குளிர்ச்சி இதயத்தை விரைவுபடுத்தத் தூண்ட, முகம் நனைந்து மூச்சை அடக்குதல் அதை மெதுவாக்கத் தூண்டுகிறது. இந்த முரணில் துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும் என்பது மைக் டிப்டன் முதலியோர் 2012-இல் முன்வைத்த விளக்கம். கூட்டத்தின் நெருக்கமும் படபடப்பும் சேர்ந்துகொள்ளும். வெப்பநாட்டு நீரில் குளிரின் பங்கு குறையலாம்; அறியப்படாத இதயநோய் எந்த நாட்டு நீரிலும் தன் வேலையைச் செய்யும்.

கரையிலும் இவ்விடர் உண்டு. 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மாரடைப்புற்ற 1,228 பேரின் முந்தைய மணிநேரங்களை ஆராய்ந்தது. வாரத்திற்கு ஒருமுறைகூடக் கடும் உழைப்பில் ஈடுபடாதவர் திடீரென ஈடுபட்ட வேளையில் மாரடைப்பின் வாய்ப்பு, பிற வேளைகளைவிட 107 மடங்கு. வாரத்தில் ஐந்து முறையோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு அது 2.4 மடங்கு மட்டுமே. பயிற்சியே ஒருவரைக் காக்கும் நிலைக்கு அவரைக் கொண்டுசெல்லும் முதல் மாதங்கள்தாம் இக்கட்டானவை. ஆதலால் நாற்பதைக் கடந்து திரும்புபவர், முதல் ஓட்டத்திற்கு முன் மருத்துவரைக் காணவேண்டும் என்பதை நான் வற்புறுத்தியே சொல்வேன். பெற்றோருள் எவருக்கேனும் இளமையிலேயே இதயநோய் வந்திருந்தால், அது கட்டாயம்.

வேகம் எவ்வளவு? சிறந்த நெடுந்தொலைவு வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களின் பயிற்சிவேளைகளுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எளிய வேகத்தில் நடப்பதைக் காட்டினார். தடையின்றிப் பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகம் அது. உலக வீரர்களே அவ்வாறு பயில்கையில், ஆண்டுகள் கழித்து வந்தவர் நாள்தோறும் மூச்சிரைக்கப் பயில்வதற்கு அறிவியலில் இடமில்லை. முதல் மூன்று மாதம் முழுதும் எளிய வேகமே இருந்தாலும் குற்றமில்லை. நீச்சலில் மட்டும் உழைப்பை வேறொன்றில் செலவிடுவது தகும்: காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்ந்த நீரில், எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆற்றலைக் கூட்டுவதைவிட உடலைக் கிடையாக நேர்ப்படுத்துவதே பயன்தரும். கையசைவின் ஒழுங்கை மூளை மறப்பதில்லை. தோள்மூட்டைச் சுற்றிய சிறுதசைகளுக்குத்தான் மீண்டும் வலுவூட்டவேண்டும்.

நான்காம் மாதத்தில், எலும்பு தன் முதற்சுற்றை முடித்திருக்கும். மிதிவண்டியிலிருந்து இறங்கியவுடன் ஓடும் இணைப்புப் பயிற்சியை அப்போது தொடங்கலாம். நெடுநேரம் குனிந்து மிதித்தபின் ஓடினால் முதல் சில நிமிடங்கள் கால்கள் தமக்குரியன அல்ல போலக் கனக்கும். களைத்த தசை அதிர்ச்சியை ஏற்பதில் தளர, அச்சுமை எலும்பின் மேல் விழுகிறது. அதனால் இணைப்போட்டம் வாரத்தில் ஒருமுறைக்கு மேல் வேண்டா. பத்து நிமிடத்தில் தொடங்கி, முன்னெலும்பில் நோவு இல்லாத வாரங்களில் மட்டும் ஐந்து நிமிடம் கூட்டலாம். நோவு தோன்றிய வாரத்தில் ஓட்டத்தை நிறுத்தி, அந்த நேரத்தையும் நீருக்கும் மிதிவண்டிக்கும் தரலாம். இதயம் எதையும் இழக்காது.